எல்லாப் பெட்டிகளும் அவனையே கூப்பிட்டன

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியமும் என்னுடையதல்ல. பட்டுக்கடை மாடியில் நடக்கும் மாலைநேரக் கணினி வகுப்பில் காசிநாதன் சார் சொன்னது: "யார் கேக்குறாங்கன்னு சர்வருக்குத் தெரியும்பா. எதுக்குக் கேக்குறாங்கன்னு தெரியாது." வீட்டுக்கு வந்து டைரியில் எழுதினேன். அந்த வரிக்குக் கீழே ஓர் அம்மா வந்து உட்கார்ந்துகொண்டார்.

ரமாமணி என்று பெயர் வைத்தேன். அவர் நிஜமல்ல. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் நடந்த போர் நிஜம். அந்த நாட்டின் இணையதளங்கள் பல அப்போது முடங்கியதும் நிஜம். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "குண்டுகள் விழத் தொடங்கிய அன்று—"

விட்டுவிட்டேன். குண்டு விழும் சத்தத்தை நான் கேட்டதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "சின்ன காஞ்சிபுரத்தில் ஃபிர்தௌஸ் நடத்திய பிரவுசிங் சென்டரில் எட்டுக் கணினிகள் ஓயாமல் இரைந்தன."

இது எனக்குத் தெரிந்த சத்தம். இதை வைத்துக்கொண்டே போகிறேன்.

3

ஞாயிறுதோறும் ரமாமணி மாமி அங்கே வருவார். மகன் ஸ்ரீவர்தன் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிறான். அவன் மெயிலை ஃபிர்தௌஸ் திறந்து கொடுப்பான். மாமி இரண்டு முறை படிப்பார்.

"உன் பெட்டி எங்காத்து மிக்ஸி மாதிரி கத்தறதுடா."

"நீங்க வந்தாதான் மாமி கத்துது. மத்த நாள்ல கம்முனு இருக்குது."

போர் மூண்ட மறுநாள், சனிக்கிழமையே, மூச்சிரைக்க வந்தார். மகனுக்குப் போன் போகவில்லை.

"போன் கிடைக்கலேன்னா காலேஜ் சைட்ல ஒரு போர்டு இருக்கு, அதுல எழுதறேன்னு சொல்லியிருந்தான். அதைத் தெற."

திறக்கவில்லை.

"சுத்திக்கினே இருக்குது மாமி."

"சுத்தட்டும். நான் உக்காந்திருக்கேன்."

அவர் அப்படிப் பேசாமல் உட்கார்ந்திருந்ததைத்தான் ஃபிர்தௌஸால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான். ஒரே பக்கத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து எட்டுக் கணினியிலும் போட்டான். வந்தவர்களை "நெட்டு இல்லபா" என்று திருப்பி அனுப்பினான்.

மாமி ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"எல்லாப் பெட்டியும் அவனையேவா கூப்பிடறது?"

"ஆமா மாமி. ராத்திரி பகல் விடாம கூப்புடும்."

அதற்குப் பிறகுதான் அவன் வாங்கி வைத்திருந்த டீயைக் கையில் எடுத்தார்.

4

(இது கட்டுரை மாதிரி ஒரு பகுதி. பொறுமையில்லாதவர்கள் தாண்டலாம். தாண்டினால் கடைசியில் என் உதவிக்கு வர முடியாது.)

இணையத்தில் நடக்கும் இந்த வகைப் போரில் எதுவும் வெடிப்பதில்லை. சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் வசப்படுத்தப்பட்ட எத்தனையோ கணினிகள், பல ஊர்களிலிருந்து, ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் கேட்கின்றன. அவ்வளவுதான். பதில் சொல்லி மாளாமல் தளம் விழுகிறது. வங்கி, செய்தி, அரசு அறிவிப்பு எல்லாம் மிகவும் தேவைப்படும் வேளையில் வாய் அடைத்துப்போகின்றன.

எங்கள் ஊர் கருட சேவைக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடி முட்டி மோதும் தாயும் நெரிசலில் ஓர் ஆள்தான். (இந்த உவமையை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அழகாக இருப்பதால் வந்த சந்தேகம். இதைவிடக் கிட்டத்தில் வேறு ஒன்று அகப்படவில்லை.)

நெரிசலைத் தடுக்க ஒரே வழி, அதிகமாகக் கேட்கிறவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது. அந்தக் கல்லூரித் தளத்தைக் காத்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபிர்தௌஸின் திரைகளில் சுற்றுவது நின்று, "அனுமதி இல்லை" என்று ஒரு வரி வந்தது. தளம் இன்னும் சரியாகவில்லை என்றே அவன் நினைத்தான்.

5

திங்கட்கிழமை மாலை மாமியின் தம்பி பூவராகவன் செவிலிமேட்டிலிருந்து போன் செய்தார்.

"அந்த சைட் எனக்கு நேத்தே தெறந்துதே அக்கா. நீ பாத்திருப்பேன்னு நான் உள்ள போகலை."

மாமியும் ஃபிர்தௌஸும் டவுன் பஸ் பிடித்துப் போனார்கள். பூவராகவன் வீட்டுக் கணினியில் பக்கம் உடனே திறந்தது. ஆங்கில எழுத்தில் ஸ்ரீவர்தனின் தமிழ்.

ஞாயிறு காலை: "அம்மா, நன்னா இருக்கேன். சில பேர் ஹாஸ்டல்லயே இருங்கோங்கறா. பசங்க வேன் பிடிச்சு எல்லைக்குப் போறா. நான் என்ன பண்ணட்டும்? நீ சொல்றபடி செய்யறேன்."

ஞாயிறு இரவு: "அம்மா, பாக்கறியா?"

திங்கள் காலை: "வேன் வந்துடுத்து. கிளம்பறேன்."

அதற்குக் கீழே அவன் எழுதியது எதுவும் இல்லை.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதில் எல்லைக்கு அப்பாலிருந்து போன் வருகிறது. எழுதி முடித்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியாலேயே அதை நம்ப முடியவில்லை. இரண்டாவது இப்படித் தொடங்குகிறது: "வேன் அந்தச் சாலையில்—"

அதற்கு மேல் எழுத வரவில்லை.

(ஃபிர்தௌஸ் மேல் போலீஸுக்குச் சந்தேகம் வரும் என்று எதிர்பார்த்திருந்தால், அது வேறு கதை. இங்கே யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை. அவன் கஷ்டமே அதுதான்.)

வேன் என் கைக்கு எட்டவில்லை. செவிலிமேட்டு அறை மட்டும் எட்டுகிறது. அங்கே பதில் எழுதும் கட்டம் திறந்திருக்கிறது.

"'போகாதேடா, அங்கேயே இரு'ன்னு அடி," என்கிறார் மாமி.

அவன் கிளம்பிப் போய்விட்டான் என்று ஃபிர்தௌஸும் சொல்லவில்லை, பூவராகவனும் சொல்லவில்லை. ஃபிர்தௌஸ் அடித்து அனுப்புகிறான். அந்த வரி, "கிளம்பறேன்" என்பதற்குக் கீழே போய் நிற்கிறது.

மாமி நாற்காலியை அவன் பக்கம் திருப்புகிறார்.

"ஏன்டா ஃபிர்தௌஸ், எட்டுப் பெட்டி கூப்பிட்டுதே. நேத்தைக்கு அவன் பேசினது ஒண்ணுக்குக்கூடவா கேக்கலை?"

காரணம் அவனுக்குப் பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது. நான்காம் பகுதியைத் தாண்டாமல் வந்திருந்தால் உங்களுக்கும் தெரியும். மாமிக்குத்தான் தெரியாது. அவன் வாயில் நான் எந்தச் சொல்லை வைத்தாலும் அழித்துவிடுகிறேன். நீங்கள் வைத்துப் பாருங்கள்.

மாமி இப்போது திரையைப் பார்க்கவில்லை.