நானூறு ஊசிகள்

காளான் பறிக்கப் போன தபால்காரர் வீடு திரும்பாமல் மூன்று நாளாயிற்று. எந்தக் காளான் எங்கே கிடைத்தது என்று அவர் இருபது வருடமாக எழுதிய குறிப்பேடுகளை வைத்துத்தான் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருத்தி அந்த மலையின் காளான் வகைகளைக் கணக்கெடுத்தாள். அவர் போவது வடக்குச் சரிவுக்குத்தான் என்று தேடும் ஆட்களிடம் அடித்துச் சொன்னவளும் அவளே. சல்லடை போட்டுத் தேடியும் ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

தகவல் கேட்டு ஆய்வகத்துக்கு வந்த அவர் மனைவி, விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, அந்த நோட்டை நம்பியா தேடுறீங்க? மத்தவங்க போய் பறிச்சிடுவாங்கன்னு அவரு எடத்தை மாத்தித்தாம்மா எழுதுவாரு!"

"அப்ப நெஜமா எங்கதான் போவாரு?"

"என்கிட்டயே சொன்னதில்லையே. நான் தங்கச்சிகிட்ட உளறிடுவேனாம்."

ஆய்வாளர் சுவரிலிருந்த தன் வரைபடத்தைப் பார்த்தாள். அவர் குறிப்பேடுகளைப் பார்த்து வடக்குச் சரிவில் மட்டும் நானூறு ஊசி குத்தியிருந்தாள். அதில் ஒன்றுகூட அவர் கால் பட்ட இடமில்லை.