காற்று வந்த பிறகு

…மூன்றாவது ஸ்க்ரூ எங்கேதான் இருக்கும், இரண்டு கைக்கு அகப்பட்டுவிட்டது, இது மட்டும் ஒளிந்துகொண்டு விளையாட்டுக் காட்டுகிறது, மச்சானுக்கென்ன, ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு "பின்னாடி தடவிப் பாரு கமரு, இன்ஜின் பக்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார், டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு கழுத்து ஒடிய மண்டியிட்டிருப்பது கமருன்னிஸா அல்லவா… ஊர் உலகத்துக் கார்களுக்கெல்லாம் குளிர்காற்று வரவழைக்கிற கை அவருடையது, அங்கே ஏசி மெக்கானிக் என்றால் இவள் புருஷன் அப்துல் ஹமீதைத்தான் தேடி வருவார்களாம், சொந்தக் காருக்கு மட்டும் அந்தக் கை போன் வழியாகத்தான் நீள வேண்டியிருக்கிறது. கும்பகோணத்து மெக்கானிக் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான், இவள்தான் குளிர்காற்றை ஊதித் தள்ளுகிற புது மோட்டாரை மட்டும் வாங்கிவந்து, நானே மாட்டிக்கிறேன் மச்சான், நீங்க சொல்லிக் கொடுங்க என்றாள். இன்றைக்கே ஓடவேண்டும் இது. மதியம் பாபநாசம் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்து, இவளைப் பெற்ற அத்தா இவள் பேருக்கு எழுதிவைத்த வயல் இன்றோடு கைமாறுகிறது.

அகப்பட்டது… ஸ்க்ரூ நழுவி மடியில் விழ, பழைய மோட்டார் விசிறியோடு கையில் இறங்கியது, கூடவே பொலபொலவென்று வைக்கோலும் பதரும். எலிக்கூடு! போனைத் திருப்பிக் காட்டினாள். "பாருடி, ஏசி வச்சு குடித்தனம் பண்ணிருக்கு" என்று அவர் சிரித்தார், எவ்வளவு நாளாயிற்று இவர் இப்படிச் சிரித்து. இது நம் வயல் நெல்தான், அறுப்பு முடிந்ததும் பக்கிரி மூட்டையை இந்தக் காரில்தான் ஏற்றிவிடுவான், அவன் தகப்பன் காலத்திலிருந்து குத்தகை, அத்தாவும் அவர்களை மாற்றியதில்லை. காலையில் பக்கிரியின் பெண்டாட்டி அம்சம் வந்து கேட்டருகே நின்றாள், உள்ளே வா என்றாலும் வரவில்லை. "குறுவை நட்டுப் பச்சை புடிச்சிருச்சும்மா, அறுப்பு வரைக்குமாச்சும் பொறுக்கக் கூடாதா?" கேட்டவளிடம் என்ன சொன்னாள் இவள்? அவங்க முடிவும்மா, எனக்கென்ன தெரியும் என்றாள். அம்சம் கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. புறவழிச்சாலைக்குக் கல் நட வந்தபோது வாய் ஓயாமல் சண்டை போட்டவள் அவள், பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு வயலில் உட்கார்ந்தாள், போலீஸ் எல்லோரையும் கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்து சாயங்காலம் விட்டது. ரோட்டோரம் நடந்து வந்தவளை இவள்தான் காரில் ஏற்றிக்கொண்டாள், அம்சம் முகத்தைக் காற்றுக்கு நேராக வைத்துக்கொண்டு, "ஆத்தாடி, மார்கழி மாதிரியில்ல இருக்கு" என்றாளே… ஆட்சி மாறினால் கல்லைப் பிடுங்கிவிடுவோம் என்றார்கள், ஆட்சி மாறியது, வேட்டியின் கரைதான் மாறியது, கல் அங்கேயே நிற்கிறது. இப்போது கல்லை ஒட்டிய வயலுக்கெல்லாம் மவுசு, மனைபோட ஆள் வருகிறது.

"விசிறி எங்கயும் ஒரசாம சுத்துதான்னு கையால சுத்திப் பாத்துட்டு மேல ஏத்து. அமுக்காத, தானா உக்காரும்." உட்கார்ந்தது. மூன்று ஸ்க்ரூவையும் முடுக்கி, வயரைச் செருகினாள். அவர் மேல் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லையே, அந்த வயல் போனால்தான் அவர் வந்துசேர முடியும், பாபநாசத்திலேயே சொந்தமாக ஒரு ஏசி கடை, ராத்திரி சோற்றுக்கு வீடு, இதற்குமேல் அவர் கேட்டதில்லை. பிள்ளைகள் அத்தாவைப் போனிலேயே பார்த்து வளர்ந்துவிட்டார்கள். அப்படியானால் அம்சம்? அம்சத்தின் பச்சை பிடித்த பயிர்? இந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் வலிக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால்…

பேட்டரி வயரை மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். முதலில் ஒரு தூசி நெடி, பிறகு ஹோவென்று காற்று, வியர்த்த கழுத்தில் சில்லென்று இறங்கியது. "வருதா?" "வருது மச்சான்!" "அப்படிப் போடு! நம்ம கடைக்கு நீதான் மொத மெக்கானிக்கு" என்றார். பிறகு, "சரி, கெளம்பு, ரிஜிஸ்தர் ஆபீஸ்லேருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. ஏசி இல்லாமயே ஓட்டிருந்தா, இல்ல ஒரு ஆட்டோ புடிச்சிருந்தா எப்பவோ போய்ச் சேந்திருக்கலாம்" என்றார். ஆமாம், தெருமுனையில்தானே ஆட்டோக்கள் நிற்கின்றன, ஏன் தோன்றவில்லை… தோன்றியதே, தோன்றியதைத் தள்ளிவிட்டுத்தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள், மோட்டார் கழன்று கிடக்கிறவரை எங்கேயும் போகவேண்டியதில்லை என்றுதானா இவ்வளவு பாடும்?

"கமரு? கெளம்பிட்டியா?"

"மச்சான்… அந்த நெலத்தை விக்கலாமான்னு என்கிட்ட யாருமே கேக்கலையே." தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. திரையில் அவர் நெற்றியைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது, எப்போது இவ்வளவு நரைத்தது இவருக்கு?

"தப்புதான்" என்றார் மெல்ல. "இப்பக் கேக்குறேன். சொல்லு. விக்கலாமா, வேணாமா? நீ சொல்றதுதான்."

கமருன்னிஸா வாயைத் திறந்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை என்று மனசுக்குள் பொருமியே நாளை ஓட்டிவிட்டோமே, கேட்டால் என்ன சொல்வது என்று ஒருநாளாவது நினைத்துப் பார்த்தோமா என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.