வலையை ஈடு வைத்தவள்

தெற்கே மேகம் கறுத்துத் திரண்டதும் ஊரே சந்தோஷப்பட்டது. நாகராஜ் மட்டும் சந்தோஷப்படவில்லை. கண்மாய்க் கரையில் நின்றிருந்தவன், ஓடைக்கரைப் புஞ்சையில் முத்துத்தாய் யூரியா மூட்டையைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த அவன் மனைவி தங்கலட்சுமி, அந்த வலையைத் தோளில் போட்டபடியே பின்னால் ஓடினாள்.

பரளச்சிப் பக்கத்துக் கரிசலுக்கு மழையை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அதனால் மேகத்தைப் பார்த்ததும் யூரியாவை அள்ளி வீசிவிடுவார்கள். நிதானமாகப் பெய்தால் உரம் மண்ணில் இறங்கும். கொட்டித் தீர்த்தாலோ, அத்தனையும் ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போய்விடும். போன வருஷம் அப்படித்தான் ஆனது. கண்மாய் பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. கையை விட்டு எடுத்தால் முழங்கை வரை பாசி அப்பிக்கொண்டு வந்தது. ஒரு விடியற்காலையில் மீன்களெல்லாம் மூச்சுக்குக் காற்றில்லாமல் மேலே வந்து வாயைப் பிளந்தன. வெயில் ஏறும்போது வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மீன் குத்தகை எடுத்திருந்த நாகராஜ் தன் கையாலேயே அவற்றை அள்ளிக் குழியில் போட்டு மூடினான். இந்த வருஷம் மறுபடியும் குஞ்சு விட்டிருக்கிறான். இதுவும் செத்தால் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். ஓடையை ஒட்டிய புஞ்சை முத்துத்தாயுடையதுதான்.

"மதினி, கொஞ்சம் பொறுங்க! இன்னைக்கு வீசாதீங்க." நாகராஜுக்கு மூச்சு வாங்கியது.

முத்துத்தாய் நிமிரவில்லை. மடியில் யூரியாவை நிரப்பிக்கொண்டே கேட்டாள். "ஏன், நாள் நல்லா இல்லையா?"

"மழை பெருசா வார மாதிரி இருக்கு. அம்புட்டும் கம்மாய்க்கு வந்துரும்."

"அதுக்கு? உன் மீனு நல்லா இருக்கணும்னு என் சோளத்தப் பட்டினி போடச் சொல்லுறியா? பயிரு மஞ்சளாக் கெடக்குறது கண்ணுக்குத் தெரியலையாக்கும்."

அவள் கேட்டதிலும் தப்பில்லை. மக்காச்சோளம் இடுப்பளவு வளர்ந்து வெளிறிப் போயிருந்தது. செடிக்குச் செடி உரம் வைக்க ஆள் வேண்டும். ஆட்களை அருப்புக்கோட்டை மில் வேன்கள் விடியும் முன்பே அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. புருஷன் இருளப்பசாமி லாரியில் லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. வீசுவதென்றால் ஒருத்தி போதும்.

தங்கலட்சுமி முன்னால் வந்தாள்.

"மதினி, போன வருசம் நீங்க போட்டது உங்க சோளத்துக்கும் போய்ச் சேரல, எங்க மீனுக்கும் ஆகல. மழை பெஞ்சு வெறிக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் வந்து குழி போட்டு வச்சுத் தாரோம். கூலி ஒண்ணும் வேண்டாம்."

"மழை வெறிச்சதும் வலையத் தூக்கிட்டுக் கம்மாய்க்குப் போயிருவீக. நான் யாரப் போய்த் தேடுறது?"

தங்கலட்சுமி தோளிலிருந்த வலையை இறக்கி யூரியா மூட்டையின் மேல் போட்டாள். "இது உங்ககிட்டயே கெடக்கட்டும். வலை இல்லாம நாங்க எங்க போயிரப்போறோம்?"

முத்துத்தாய் வலையைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். பெரிய துளி ஒன்று அவள் நெற்றியில் விழுந்தது. மடியிலிருந்ததை மூட்டையிலேயே திரும்பக் கொட்டினாள்.

"என்ன முழிக்கிற நாகராசு? அந்தப் பக்கம் பிடி. மூட்ட நனைஞ்சா உன் தலையிலதான் கரைச்சு ஊத்துவேன்."

அன்று பெய்த மழையில் பாத்திக்கும் ஓடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முத்துத்தாய் புஞ்சையை ஒட்டியிருந்த தன் வீட்டு வாசற்படியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று, தன் புஞ்சைத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடையில் இறங்குவதைப் பார்த்தாள். வீசியிருந்தால் ஒரு குருணைகூட நின்றிருக்காது. வீட்டுக்குள் யூரியா மூட்டை நனையாமல் இருந்தது. அதன் மேல் வலையும் இருந்தது.

கரிசல் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்த அன்று காலையில், அவள் போய்க் கூப்பிடுவதற்குள் அவர்களே வந்து நின்றார்கள். நாகராஜ் கம்பால் செடிக்குப் பக்கத்தில் குழி போட, தங்கலட்சுமி ஒரு சிட்டிகை யூரியா வைக்க, முத்துத்தாய் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். ஒவ்வொரு பாத்தியாக மூவரும் நகர்ந்தார்கள்.

"பச்சப் பிள்ளைக்கு மருந்து கொடுக்குற மாதிரில்ல கொடுக்குறே!" என்று சிரித்தாள் முத்துத்தாய்.

சாயங்காலம் கடைசிச் செடிக்கும் வைத்து முடித்தபோது மூட்டையில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. முத்துத்தாய் அதைத் தூக்கிப் பார்த்தாள். மூட்டையின் வாயைக் கட்டினாள். பிறகு ஓடை ஓரத்தில் அடர்ந்து நின்ற புல்லைக் காட்டினாள்.

"இத வெட்டிட்டு இன்னும் ரெண்டு பாத்தி சேக்கலாம்னு இருந்தேன். வேண்டாம், கெடக்கட்டும். வார தண்ணிய வடிகட்டி அனுப்பும். உன் கம்மாய் நெறஞ்சு மறுகால் போனா குண்டாறு வழியாக் கடலுக்குல்ல போகும்? அங்க இருக்கவுக எவுகளாவது என்கிட்டச் சண்டைக்கு வந்தா நான் தாங்குவேனா?"

தங்கலட்சுமி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை. தினமும் விடிந்ததும் கண்மாய்க்குப் போய்ப் பார்த்தார்கள். கலங்கல் மெல்ல மெல்லத் தெளிந்தது. சோளம் கரும்பச்சையாகத் திரும்பியது. ஒரு நாள் காலையில் முத்துத்தாய் வலையைத் தலையில் வைத்துக்கொண்டு தானே கரையேறி வந்தாள்.

"இந்தா தங்கம், உன் ஈடு."

"மொதல் மீனு உங்களுக்குத்தான் மதினி" என்றான் நாகராஜ்.

"மொதல்ல அது பெருக்கட்டும்டா. பொடிசத் தின்னுட்டு முள்ளு எடுக்க எனக்கு நேரமில்ல."

தெற்கே மறுபடியும் மேகம் கூடிக்கொண்டிருந்தது. முத்துத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கை வரை கையை விட்டு வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி வளையல்களிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டியது. சொட்டிய இடத்தில் என்னவோ இரை என்று நினைத்து, விரல் நீளக் கெண்டை ஒன்று மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு உள்ளே போனது.