ஒரே ஒரு தடவை கேட்கிற ஊர்

"இன்னொரு துண்டு போடட்டுமா, அழகி?" என்று ரெஜேன் கேட்டது உண்மை.

"ஐயையோ, வேண்டாங்க. வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று மார்லிஸ் சொன்னதும் உண்மை.

மார்லிஸ் வளர்ந்த அமெரிக்க மாநிலமான மினசோட்டாவில் இப்படி மறுப்பது பேச்சின் தொடக்கம்தான். வீட்டுக்காரர் "அட, சின்னத் துண்டுதான்" என்பார். விருந்தாளி "உங்களுக்கு இல்லாமப் போயிடுமே" என்று நெளிவார். வீட்டுக்காரர் கோபப்படுவதுபோல் பாவனை செய்வார். அதற்கப்புறம்தான் விருந்தாளி பெரிய மனசு பண்ணித் தட்டை நீட்டுவார். ஆனால் மார்லிஸ் இப்போது உட்கார்ந்திருந்தது கனடாவில் பிரெஞ்சு பேசுகிற கியூபெக்கில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில், ரெஜேன் என்ற அம்மாளின் வீட்டில். ரெஜேன் "சரி" என்று சொல்லிவிட்டு, மேப்பிள் பாகு சொட்டிக்கொண்டிருந்த கேக்கைத் தூக்கி ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

எதிரே உட்கார்ந்திருந்த ப்ரிட்டா, வாய் நிறையக் கேக்கை வைத்துக்கொண்டு சிரித்தாள். மார்லிஸின் மாணவி அவள், பதினேழு வயது, அதே ஊர்.

"முதல் வாரம் நானும் இப்படித்தான் பட்டினி கிடந்தேன், மேடம். இப்ப அவங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள ஆமான்னுடறேன்."

"எனக்கும் தெரியும்டி. வாய் கேட்க மாட்டேங்குது."

மார்லிஸ் பன்னிரண்டு வருடங்களாகப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் படித்த பிள்ளைகள் பாரிஸிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் படம் அனுப்புவார்கள். அவள் மட்டும் பிரெஞ்சு பேசுகிற ஊரில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. ஒரு கோடையில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, ஒரு கோடையில் தங்கையின் கல்யாணம், மற்ற கோடைகளில் ஏதோ ஒன்று. வகுப்பில் பிள்ளைகள் "அங்க நிஜமாவே இப்படித்தான் பேசுவாங்களா, மேடம்?" என்று கேட்டால், முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பதில் சொல்வாள்.

இந்த வருடம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமான கோடைப் பயிற்சியில் இருவருக்கும் இடம் கிடைத்தது. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஊர் சுற்றல், சாப்பாடும் தூக்கமும் ஊர்க்காரர் வீட்டில், வாயைத் திறந்தால் பிரெஞ்சு மட்டும். பயிற்சி நடந்தது ரெஜேன் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளியில். ஒவ்வொரு கோடை முடிவிலும், வந்த ஆசிரியர்களில் ஒருவரை அந்தப் பள்ளி ஒரு வருடம் தங்க வைத்துக்கொள்ளும். அவர் அங்கே ஆங்கிலம் கற்பிப்பார். பதிலுக்கு அங்கிருந்து ஒருவர் அவருடைய ஊருக்குப் போவார். அந்த இடம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று மார்லிஸுக்கு ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே சொல்வது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை.

அந்த வாய்ப்பு அவளைத் தேடி வந்தது ஒரு மதிய வேளையில், நீர் வற்றிய சேற்றில்.

மதிய நேரங்களில் ஆசிரியர்களைக் கரைக்கு அழைத்துப் போவது அன்செல்மின் வேலை. அந்தப் பள்ளியின் புவியியல் ஆசிரியன், நாற்பதை நெருங்குகிறவன், கடல் ஓதத்தோடு ஆறு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவான். மார்லிஸின் பூட்ஸ் ஒன்று சேற்றில் புதைந்துகொண்டது. அவன் குனிந்து இரண்டு கையாலும் அதை இழுத்துக்கொண்டே சொன்னான்:

"ரெஜேன் உன்னைக் கேட்கச் சொன்னாங்க. அவங்க சொல்லாட்டியும் நான் கேட்டிருப்பேன். அடுத்த வருஷம் இங்கயே இருக்கியா?"

ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த மார்லிஸுக்கு ஆறு, வானம், அன்செல்மின் சேறு படிந்த காது எல்லாம் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் வாய் அதன் போக்கில் பேசியது.

"நானா? சேச்சே! என்னைவிட நல்லா சொல்லிக்கொடுக்கறவங்க எத்தனை பேர் இருக்காங்க. நம்ம பயிற்சிக்கு வந்திருக்கற கெல்வினைக் கேளுங்களேன்."

பூட்ஸ் பொளக்கென்று கையோடு வந்தது. அன்செல்ம் அதிலிருந்த சேற்றை உதறினான்.

"அப்படியா? சரி, சொல்லிடறேன்."

பூட்ஸை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான். மார்லிஸ் அதே ஒற்றைக் காலில் நின்று இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். கேக்குக்கு ஒரு தடவை கேட்பது சரி. வாழ்க்கையின் ஒரு வருடத்துக்குமா ஒரே தடவை? திரும்பி வந்து கேட்பான்.

அவன் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் கேட்கவில்லை. கடல்நாய்களைப் பற்றிப் பேசினான், பனிக்கட்டி உடைகிற மாதத்தைப் பற்றிப் பேசினான். அவள் பக்கம் திரும்பும்போது மட்டும் மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதை அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ரெஜேனிடம் தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

"இங்க குளிர்காலம் எப்படி இருக்கும்?"

"குளிரும்" என்றார் ரெஜேன், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே.

கடைசி நாள் காலையில் ப்ரிட்டா மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தாள்.

"மேடம், அந்த இடம் கெல்வின் சாருக்காமே! மதியம் விருந்துல எல்லார் முன்னாடியும் கேட்கப் போறாங்களாம். நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு ரெஜேன் சொல்றாங்க. ஏன் மேடம் வேண்டாம்னீங்க?"

"நான் எங்கடி வேண்டாம்னேன்? ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க!"

ப்ரிட்டா சிரிக்க ஆரம்பித்தாள். மார்லிஸின் கண்ணைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள்.

"போய்ச் சொல்லிடுங்க, மேடம். எனக்கு வேணும்னு."

"எல்லார் முன்னாடியுமா? எனக்குக் குடுங்கன்னா? எங்கம்மா கேள்விப்பட்டா..."

"உங்கம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது."

மதிய விருந்து பள்ளிக்கூட முற்றத்தில். காற்றில் மேசைவிரிப்புகள் பறக்காமலிருக்க மூலைக்கு மூலை கல் வைத்திருந்தார்கள். புகைபோட்ட மீனும் பட்டாணி சூப்பும் மேசையில் வந்திறங்கின. அன்செல்ம் தூரத்து மேசையில் யாருக்கோ ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தான்.

ரெஜேன் எழுந்து கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினார். "அன்பானவர்களே, ஒவ்வொரு வருஷமும்..."

மார்லிஸ் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இனி உட்காரவும் வழியில்லை.

"எனக்கு அந்த இடம் வேணும்."

முற்றமே திரும்பிப் பார்த்தது. ரெஜேன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீதான் வேண்டாம்னு சொன்னியே?"

"சொன்னேன். ரொம்ப வேணும், அதனாலதான் வேண்டாம்னேன்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மார்லிஸ் விடவில்லை. "எங்க ஊர்ல முதல் தடவை கேட்டதும் ஆமான்னு சொன்னா அலையறான்னு நினைப்பாங்க. ரெண்டு மூணு தடவை கேட்கணும். எங்க ஊர்ல எல்லாரும் கேட்பாங்க!"

"அப்போ இத்தனை நாளா என் வீட்டுச் சாப்பாடு?"

"பாதி வயிறுதாங்க."

"அடக் கடவுளே!" என்று ரெஜேன் நெஞ்சில் கை வைத்தார். முற்றம் முழுக்கச் சிரித்தது.

கனடாவின் மேற்கே ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த கெல்வின் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். மார்லிஸுக்குச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவிலும் அது கண்ணில் பட்டது.

"மன்னிச்சுக்குங்க, கெல்வின்" என்றாள். "உங்களுக்கும் ஆசை இருந்தா அவங்களே முடிவு பண்ணட்டும்."

"ஆசைதான்" என்றான் கெல்வின். "என்னைக் கேட்டிருந்தா குதிச்சுக்கிட்டு வந்திருப்பேன். ஆனா முதல்ல கேட்டது உங்களைத்தானே?" பிறகு ரெஜேனைப் பார்த்து, "அடுத்த கோடைக்கும் வருவேன், மேடம். என்னை எத்தனை தடவை வேணாலும் கேளுங்க" என்றான்.

ரெஜேன் அவனுக்குத் தலையசைத்துவிட்டு மார்லிஸிடம் திரும்பினார். சிரிப்பு அடங்கியிருந்தது, இப்போது பேசியது தலைமை ஆசிரியர்.

"உன்னைவிட நல்லா சொல்லிக்கொடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்கன்னு அன்செல்ம்கிட்ட சொன்னியாம். என் பிள்ளைங்களை உன்கிட்ட ஒப்படைக்கணும். அது உண்மையா?"

மார்லிஸின் அம்மா, பெரியம்மா, ஊரின் மாதா கோயிலில் வரிசையாக உட்காரும் அத்தனை பெண்களும் "ஆமாம்னு சொல்லு" என்று மனசுக்குள் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இல்லை" என்றாள். காதுவரை சிவந்துவிட்டது. "நான் நல்லா சொல்லிக்கொடுப்பேன்."

"சரி" என்றார் ரெஜேன்.

அவ்வளவுதான். அவர் உட்கார்ந்து சூப்பை இழுத்துக்கொண்டார். ப்ரிட்டா மேசைமேல் ஏறிக் கத்தினாள். ஒரு ஜாடி கவிழ்ந்தது. யாரோ அக்கார்டியனை எடுத்து வாசித்தார்கள்.

மார்லிஸ் விழுந்த நாற்காலியை நிமிர்த்தப் போனபோது அதை ஏற்கெனவே ஒரு கை பிடித்திருந்தது.

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான் அன்செல்ம்.

"நீங்க இன்னொரு தடவை கேட்பீங்கன்னு பார்த்தேன்."

"வேண்டாம்னு சொன்ன பொண்ணுகிட்ட மறுபடி போய் நின்னா எங்க ஊர்ல அதுக்குத் தொந்தரவுன்னு பேர்." அவன் நாற்காலியின் முதுகைத் தட்டிச் சரிபார்த்தான்; அது நன்றாகத்தான் இருந்தது. "நான் என்ன தப்பா நடந்துக்கிட்டேன்னு யோசிச்சு யோசிச்சு, என் வகுப்புல நீர் ஏறுற நேரத்தையே மாத்திச் சொல்லிட்டேன். எல்லாரும் நனைஞ்சாங்க."

அன்று நனைந்தவர்களில் மார்லிஸும் ஒருத்தி. சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

"பள்ளிக்கூடத்துக்கு ஆள் கிடைக்கலன்னு அவ்வளவு கவலையா?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான் கெல்வின் இருந்தாரே" என்றான் அன்செல்ம்.

அக்கார்டியன் சத்தம் பெரிதாகியது. மார்லிஸ் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினாள்.

"உட்காரு, அன்செல்ம்."

அவன் உட்கார்ந்தான்.