கைதட்டலுக்கு முன்னால்

சித்தப்பா நடத்தும் முதியோர் இல்லத்துக்கு ஒரு விளம்பர வீடியோ தேவைப்பட்டது. மாலை வகுப்பில் எடிட்டிங் படிக்கும் அண்ணன் மகள் இருக்க, வெளியாளுக்கு எதற்குக் கொடுப்பது என்று வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார். கேமராவில் தன் குரல் தகர டப்பாவை உருட்டுவது போல இருக்கிறதென்று, சட்டைப் பையில் தனியாக ஒரு ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டு பேசியிருந்தார். அந்த ஒலியைப் படத்தோடு பொருத்த வேண்டும். மறுநாள் காலை அவளுடைய அப்பாவையும் அதே இல்லத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு.

இலவச மென்பொருளில் இரண்டையும் மேலும் கீழுமாக இட்டாள். பேசத் தொடங்குமுன் சித்தப்பா கேமரா முன் ஒருமுறை கைதட்டியிருந்தார். அந்தச் சத்தம் ஒலிக்கோட்டில் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். ஊசிக்கு நேராக ஊசியை வைத்தால் வாயும் பேச்சும் ஒட்டிக்கொள்ளும். வைத்தாள். ஒட்டவில்லை. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தாள். அதே கோளாறு.

பெரிதாக்கிப் பார்த்தபோது ரெக்கார்டர் பதிவில் ஊசி இரண்டு இருந்தது. கேமராவுக்கு முன்பே ரெக்கார்டரை ஓடவிட்டிருக்கிறார். இரண்டாவதுதான் கைதட்டல். அப்படியானால் முதலாவது?

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"சிரின்னா சிரிக்கணும். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எவன் இங்க ஆளைக் கொண்டாந்து விடுவான்?" சித்தப்பாவின் குரல். பளாரென்று ஒரு சத்தம். பிறகு ஒரு வயதான பெண்குரல்: "சிரிக்கிறேன் தம்பி, சிரிக்கிறேன்."

மேசையைத் தட்டியிருப்பாரோ என்று மறுபடி கேட்டாள். மேசை அப்படிச் சத்தம் போடாது. படத்தில் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோள்மேல் சித்தப்பாவின் கை.

போன் அடித்தது. சித்தப்பாதான்.

"என்ன டைரக்டரம்மா, படம் ரிலீஸ் ஆயிடுச்சா? நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வரப்போ கையோட கொண்டாந்துடு."

"அப்பா வரல சித்தப்பா."

"ஏம்மா?"

போனைக் கணினிக்கு அருகே கொண்டுபோனாள். அந்தப் பகுதியை ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். கேட்டதும் சித்தப்பா கூனிக்குறுகிப்போவார் என்று நினைத்தாள்.

"இதுதானா? நான்கூட என்னவோன்னு பயந்துட்டேன்," என்றார் சித்தப்பா. "அதான் படத்துல வரவே இல்லையேம்மா. வெட்டிப் போட்டுடு."

போனை வைத்துவிட்டு அதைச் சட்டையில் அழுந்தத் துடைத்தாள். பிறகு, அடுத்த அறையில் அப்பாவின் மாத்திரைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. இதக் கேட்டுட்டு அப்புறம் அடுக்கு."