ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி

அன்று காலை அறையில் இருந்தவர்கள்: வீடுகளுக்கு மருந்து அனுப்பும் அந்தக் கம்பெனியின் மேலாளர், மென்பொருள் குழுவின் தலைவர், பூதக்கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் மென்பொருளைச் சோதிக்கும் பெண், டெலிவரிக்காரர், நிரல் எழுதும் ஒப்பந்த ஊழியை. மருந்து கிடைக்காமல்போன நோயாளி அந்த ஊழியையின் மாமியார்.

டெலிவரிக்காரர் நின்றபடியே சொன்னார். இன்சுலின் பெட்டியில் இருந்த முகவரிக்குத்தான் போனார். ஒற்றை அறை, பூட்டியிருந்தது. வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மருந்து வெயிலில் கிடந்தது. மாமியார் மருந்தில்லாமல் வீட்டில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பினார்.

"பெரியம்மா சின்ன மகனோட போயிட்டாங்கன்னு நெனச்சேன். தெருவுல கேட்டவங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

சின்ன மகன், அந்த ஊழியையின் கொழுந்தனார், அண்ணனோடு மனஸ்தாபப்பட்டுத் தனி அறை பார்த்துப் போயிருந்தார். தன்னுடைய ஆஸ்துமா மருந்துக்காக முகவரியை மாற்றினார். தன்னுடையதை மட்டும்தான் மாற்றினார். வீட்டில் எல்லோருடையதும் மாறிவிட்டது.

ஆளுக்கு ஓர் எண் வேண்டும். பெயரும் வயதும் ஒன்றாயிருந்தாலும் ஆள் வேறு என்று காட்டுவது டேட்டாபேஸில் அந்த எண்தான். அதைப் பிரைமரி கீ என்பார்கள். முகவரிக்கு அது தேவையில்லை. கதவிலக்கமும் தெருவும் சேர்ந்த வெறும் மதிப்பு அது. அவரவர் பதிவுக்குள் ஒரு பிரதி இருந்தால் போதும். அவள் முகவரிக்கும் ஒரு கீ கொடுத்து, ஒரு வீட்டார் அத்தனை பேரையும் அந்த ஒன்றோடு கட்டியிருந்தாள். அண்ணன் தம்பிகள் ஒரே அடுப்பில் சாப்பிடும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. குழுத் தலைவர் படித்துப் பார்த்து, திருத்த வேண்டியிருந்தால் ஒரே இடத்தில் திருத்தலாம் என்று பாராட்டி ஒப்புதல் கொடுத்தார். பூதக்கண்ணாடி சோதித்த வீடுகளிலிருந்து யாரும் தனிக்குடித்தனம் போகவில்லை.

மேலாளர் போனில் பேச வெளியே போனதும் குழுத் தலைவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்.

"குடும்பம் முழுசுக்கும் கஸ்டமரே மாத்திட்டார்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. யாருக்கும் வம்பில்ல. உன் கான்ட்ராக்ட் வேற இந்த வாரம் முடியுது."

"எழுதிடுங்கக்கா," என்றாள் பூதக்கண்ணாடி. "யார் படிக்கப்போறா?"

"எங்க வீட்டுப் பிள்ளை தன்னைப் பெத்தவளோட மருந்தைத் திருப்பிவிட்டாருன்னு நான் எழுதமாட்டேன். அவரு தன்னோடதைத்தான் மாத்தினாரு. தப்பு என் நிரல்ல இருக்கு."

திரும்பி வந்த மேலாளரிடமும் அதையே சொன்னாள். அந்த நிரலைப் பார்த்துச் சரி என்று சொன்னவர் யார் என்று மேலாளர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குழுத் தலைவர் தன் லேப்டாப்பின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் நீடிக்காது என்றும், கிளம்புமுன் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்றும் மேலாளர் சொன்னார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து செய்தாள். முகவரிக்குக் கொடுத்திருந்த கீயை எடுத்துவிட்டு, ஒவ்வொருவர் பதிவுக்குள்ளும் முகவரியைத் தனித்தனியாக வைத்தாள். தன் வீட்டையே வைத்துச் சோதித்தாள். கொழுந்தனார் போனார், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். குழுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார்.

வெளிக்கதவில் அவளுடைய அட்டைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

"அட்டையில ஏதோ கோளாறும்மா. நாளைக்கு மாத்திக்குங்க."

"கோளாறெல்லாம் இல்லண்ணே," என்று சொல்லி அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூத்த மருமகள் மாமியாரை வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் தவிர மாமியார் ஒரு நாளும் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. அவருடைய கட்டில் கூடத்து ஜன்னலோரம்தான் கிடக்கிறது. மருந்துப் பெட்டி தவறாமல் அந்த வாசலுக்கே வருகிறது. பகலில் இப்போது வீட்டிலேயே இருப்பதால், மருமகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள்.