கற்றாழை பூத்த வேலி

வேலியில் நிற்கும் ஆனைக்கற்றாழை பூக்கம்பம் விட்டால் உடனே வெட்டிவிட வேண்டும் என்பது வடகவுஞ்சியில் எங்கள் வழக்கம். பூத்தால் செடி செத்துப்போகும், வேலியில் ஓட்டை விழும், காட்டுமாடு பூண்டுப் பாத்திக்குள் இறங்கிவிடும். என் வீட்டுக்காரர் கதிர்வேல் அரிவாளோடுதான் வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

“ஒரு தடவையாச்சும் பூக்கட்டுங்க. பாக்கணும்போல இருக்கு.”

“பூவப் பாத்தா வயிறு நெறைஞ்சிருமா புள்ள? மாடு உள்ள வந்தா நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன்,” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கம்பம் எங்கள் கூரையைத் தாண்டி வளர்ந்தது. மழை காணாத பாலைவனத்துச் செடி என்பார்கள். இங்கே மலை மஞ்சில் நனைந்துகொண்டு, தட்டுத் தட்டாக மஞ்சள் பூவை ஏந்தி நின்றது. வெள்ளனே தேனீக்கள் வரும், வெயில் ஏறினால் தேன்சிட்டுகள், பொழுது சாய்ந்தால் வௌவால்கள். களையெடுக்கப் போனவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அண்ணாந்து உட்கார்ந்திருப்பேன். மஞ்சு மூடினால் கம்பம் மறைந்து, பூ மட்டும் மேலே மிதக்கும். நான் இருப்பது தோட்டத்திலா கனவிலா என்றே தெரியாது. அவ்வளவு சந்தோஷம்.

பிறகு மடல்கள் வதங்கின. பூண்டுக் கட்டு கட்ட, நல்ல மடலாகப் பார்த்து நார் உரித்துக்கொண்டேன். கம்பமும் ஒருநாள் சாய்ந்தது. ஓட்டையில் முள் வெட்டிப் போட்டோம்.

பூண்டு பிடுங்கும் நேரம். மஞ்சு விலகாத ஒரு காலையில் அந்த முள்ளைத் தள்ளிக்கொண்டு காட்டுமாடு வந்து நின்றது. அத்தனை பேசுகிற எனக்குக் கத்த வாய் வரவில்லை. இரண்டு பாத்தியை மிதித்துக் கூழாக்கிவிட்டு, அவசரமே இல்லாமல் வந்த வழியே போனது. மாட்டைக்கூட மறந்துவிட்டேன், இவருக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் அழுதேன்.

அவர் வந்து பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த கம்பத்தைப் பிடித்து உலுக்கினார். பூ இருந்த இடமெல்லாம் முளைத்திருந்த குட்டிக் கற்றாழைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஓட்டையின் ஈர மண்ணில் மாட்டின் குளம்படிகள் ஆழமாகப் பதிந்திருந்தன. குனிந்து, அவற்றில் குட்டிகளை ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தார்.

“குழி வெட்டுற சோலி மிச்சம். அழுதுக்கிட்டு நிக்காம வெரசா வந்து மண்ணத் தள்ளு. இதுக பூக்க ரொம்ப வருசமாகும். அதையும் பாக்கணும்ல, ரெண்டு பேரும்.”